இயந்திரத்திற்கு முன் வரைபடம்

கிடங்கில் நகரும் பட்டை அமைக்க விழையும் சங்கத்தார், அதன் விலையை விசாரிக்குமுன் சரக்குச் செல்லும் வழியை வரைந்து பார்த்தல் நலம். 1898-ஆம் ஆண்டில் சாங்கி என்னும் பொறியாளர், நீராவி எஞ்சினில் வெப்பம் செல்லும் அளவைக் கோடுகளின் அகலத்தால் காட்டினார். அம்முறை இங்கும் உதவும்.

முதல் தாளில் தூண்களையும் வாயில்களையும் வரைக. அதன்மேல், அடியிலுள்ளது தெரியும் மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாக இடுக. இரண்டாம் தாளில் சரக்கின் வழியை அளவுக்கேற்ற அகலத்துடன் குறிக்க. மூன்றாவதில் நெருக்கடி மிக்க ஒரு மணி நேரத்தின் வரத்தையும், நான்காவதில் ஆட்கள் நடக்கும் வழியையும் காட்டுக.

மூன்றாம் தாளே முதன்மையானது. 8 மணி நேரத்தில் 2,400 கட்டுகள் வருவதாகக் கொள்வோம். சராசரி மணிக்கு 300. அதனை நம்பி நிமிடத்திற்கு 5 கட்டு நகர்த்தும் பட்டையை வாங்கிவிட்டோம். காலையில் ஒரே மணியில் 900 கட்டுகள் இறங்கின் என்னாகும்? 600 கட்டுகள் வாயிலிலேயே தேங்கும். மழை பெய்தால் நனைவது உறுப்பினரின் உழைப்பன்றோ?

பட்டை ஆள்வழியை மறிக்கும் இடத்தை நான்காம் தாள் உணர்த்தும். தாளில் திருத்துதல் எளிது. இரும்பை நாட்டியபின் அரிது. ஆகவே, முதலில் வரைக; பின்னர் வாங்குக என வேண்டுகிறோம்.