முடக்குவாதம்: முடங்கிப்போக வேண்டியதில்லை!



மலர் என்றால் கதை, கவிதை, ஜோக்ஸ் எல்லாம் இருக்கும். நான் எழுதப்போவது ஒரு வியாதியைப் பற்றி. "வயசானவங்க சமாச்சாரம் நமக்கெதுக்குப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் அம்மாவுக்கு இது வந்தபோது வயது 37தான்.

எங்கள் வீடு மாமல்லபுரத்தில். அப்பா சிற்பப் பட்டறையில் உளி பிடிப்பவர். அம்மா வீட்டிலிருந்தபடியே சிப்பி, சோழி மாலை கோர்த்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஒரு மார்கழிக் காலையில் எழுந்தபோது அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. புளி கரைக்க முடியவில்லை. குழாயைத் திருக முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் இளகியது. "பனிக்காலம், அதான்" என்றார்கள். சித்திரை வெயில் வந்தும் அது போகவில்லை.

தேய்மானம் வேறு, இது வேறு

மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சுலபமாகப் புரியும். இரண்டு எலும்பு சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. மூட்டின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு. அது சுரக்கும் திரவம்தான் லூப்ரிகேட்டிங் ஆயில். வயதாகி, எடை தாங்கித் தாங்கி முழங்கால் தேய்கிறதே, அது பேரிங் தேய்கிற மாதிரி ஒரு கோளாறு. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அப்படியல்ல. கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே நம் சொந்த மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. எண்ணெய் தடவினால் மேலுக்கு இதமாக இருக்கலாம். உள்ளே அரிப்பது நிற்காது.

எப்படிக் கண்டுகொள்வது? காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு. விரல் கணு, மணிக்கட்டு, பாதத்தின் சிறு மூட்டுகளில் வீக்கம். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி. கூடவே அசதி, சோகை. இது ஆறு வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் போயே ஆகவேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்கவும்!

நாங்கள் தொலைத்த இரண்டு வருடம்

எங்களுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அம்மாவின் விரல் கோணத் தொடங்கியதும் தெருவில் ஒருவர், "திருமணி ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று ஜாடையாகச் சொன்னார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிலையம் இருப்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அன்று முழுக்க அழுதார். தொழுநோயில் முக்கிய அடையாளம் உணர்ச்சி மரத்துப்போவது. அம்மாவுக்கோ தொட்டாலே உயிர் போகிற வலி. தொழுநோயும் மருந்தால் குணமாகிற நோய்தான். அதற்காகவும் யாரும் அழ வேண்டியதில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பிறகு ஒரு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரை. இரண்டே நாளில் வலி பறந்தது! நாங்களும் அவரைக் கைராசிக்காரர் என்று கொண்டாடினோம். ஆறு மாதத்தில் அம்மாவின் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. டாக்டர்களே குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுப்பதுண்டு. என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிடுவதுதான் கெடுதல். நாள்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கடைசியில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கினோம். இரத்தப் பரிசோதனை, கை எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

ஒரு மருந்தின் கதை

அவர் எழுதிக் கொடுத்தது மெதோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் தொடங்குகிற மருந்து இதுதான். விலையும் குறைவு. இதன் பின்னால் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார்! 1895இல் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தலைமை ஏற்ற அவரது குழு, ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் தயாரித்தது. அவற்றில் ஒன்றுதான் மெதோட்ரெக்ஸேட். முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1988இல். சுப்பாராவ் 1948லேயே காலமாகிவிட்டார். இன்று மெதோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவு குறையக் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருகிறார்கள். இரண்டும் அந்த ஒரே குழுவின் கைவண்ணம்!

முக்கியமான எச்சரிக்கை: இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அம்மா மூன்றாம் நாளே வலி பொறுக்காமல் இன்னொன்று எடுத்துவிட்டார். தம்பி பார்த்துக் கையைப் பிடித்துத் தடுத்தான். அன்றிலிருந்து காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறோம். இரத்த அணு, கல்லீரல் பரிசோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். மது கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் இதைச் சாப்பிடவே கூடாது. இதில் அடங்காவிட்டால் வேறு மாத்திரைகளும், விலை கூடிய ஊசிகளும் உண்டு. அந்த ஊசிகளுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நம் படிப்பும் உதவும்

ஒர்க்‌ஷாப்பில் படித்தது எனக்கு வீட்டில் உதவியது. திருகுகிற குழாயை எடுத்துவிட்டு நீளப் பிடி வைத்த குழாய் மாட்டினேன். பிடி நீண்டால் விசை குறைவாகப் போதும் என்பது முதல் வருடப் பாடம்தானே! கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினேன். காலையில் வெந்நீரில் கை வைப்பது, வீக்கம் குறைந்த நாட்களில் விரல் பயிற்சி செய்வது, இதெல்லாம் அம்மாவின் வழக்கமாகிவிட்டது.

இப்போது காலை விறைப்பு பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. மாலை கோர்க்கிறார், முன்னைவிட மெதுவாக. ஆனால் வலது கையில் கோணிய இரண்டு விரல்கள் நேராகவில்லை. இனி ஆகவும் ஆகாது. இந்த நோயை அடக்கி வைக்கலாம். அரித்துப்போன எலும்பைத் திருப்பி வாங்க முடியாது.

நண்பர்களே, பிரேக்டவுன் ஆனபின் பார்ப்பதைவிட முன்கூட்டியே பராமரிப்பது மேல் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்த லீவில் ஊருக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம், அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில எழுந்ததும் கை மடங்குதா?"

"இல்லடா" என்றால், அந்தக் கை கொடுக்கும் காபியைக் கூடுதலாக ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். "ஆமாண்டா, ரொம்ப நாளா" என்றால், அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.