குதிரை ஏறுவதற்கு முன்

கோடை விடுமுறையில் மாதேரான், மகாபலேசுவர் என்று போய்வரும் நம் குடும்பங்களில், குழந்தைகள் முதலில் கேட்பது குதிரைச் சவாரியைத்தான். சிலருக்கு ஊர் திரும்பிய பிறகு முறையாகக் கற்றுக்கொள்ளும் ஆசையும் வந்துவிடுகிறது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டுக் குழு டிரெஸ்ஸாஜ் பிரிவில் தங்கம் வென்றது. 1982 டில்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதைக் கண்ட பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடியிருப்பதில் வியப்பில்லை.

ரயில்வேயில் இஞ்சின்களோடு காலம் கழித்தவன் நான். இஞ்சினுக்குப் பயம் கிடையாது, குதிரைக்கு உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் எளிதில் விளங்கும்.

குதிரை ஏன் திடீரென்று மிரள்கிறது?

புல் தின்று வாழும் பிராணி அது. கொம்பு கிடையாது. ஆபத்து என்றால் ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த முதல் தற்காப்பு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் இருப்பதும், மூக்குக்கு அடியில் இருப்பதும் தெரியாது. எனவே பின்பக்கமாகப் போகவே கூடாது. பேச்சுக் கொடுத்தபடி தோள் பக்கமாக நெருங்க வேண்டும். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, சட்டென்று விரிக்கும் குடை இரண்டும் அதை மிரளச் செய்யும். காதுகளைப் பின்னுக்கு மடித்து ஒட்டவைத்துக் கொண்டால் கோபம் என்று அர்த்தம். விலகி நிற்பது நல்லது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நாம் சொல்வது வழக்கம். பாவம், பெரும்பாலும் அது செய்வது வஞ்சகமல்ல, வெறும் பயம்.

என்ன அணிய வேண்டும்?

முதலில் தலைக்கவசம், சவாரிக்கென்றே செய்ததாக, தாடைப் பட்டை இறுக்கிப் பூட்டியதாக இருக்க வேண்டும். அடுத்தது காலணி. செருப்பு உதவாது. சுமார் அரை அங்குலக் குதி உள்ள மூடிய ஷூ வேண்டும். குதி இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் விழுந்தால், மிரண்ட குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடும். விழுவதைவிட இதுவே கொடிய ஆபத்து. பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் பதிந்து, குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. துப்பட்டா, புடவைத் தலைப்பு தொங்கக் கூடாது. டெட்டனஸ் கிருமி லாயத்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கக்கூடும் என்பதால், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எடையைத் தாங்கும்?

ரயிலில் ஒவ்வொரு வண்டிக்கும் அச்சுச் சுமை என்று ஒரு வரம்பு உண்டு. மீறினால் தண்டவாளம் அன்றே ஒடியாது. நாளடைவில் விரிசல் விடும். குதிரையின் முதுகும் அப்படித்தான். சேணத்தையும் சேர்த்து, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான விதி. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ வரை ஆகும். 250 கிலோ எடையுள்ள மலைப்பகுதி மட்டக்குதிரைக்கு 50 கிலோதான் வரம்பு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவும் ஏறுவது இரண்டு வகையில் தவறு: குதிரைக்கும் சுமை, விழுந்தால் இருவருக்கும் அடி.

ஏன் இடப்பக்கமாக ஏறுகிறார்கள்?

வீரர்களின் இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்கியதால் வந்த பழக்கம் என்பார்கள். இதைவிட முக்கியமானது வயிற்றுப் பட்டை. அதை இறுக்கும்போது பல குதிரைகள் உடம்பை உப்பிக் கொள்ளும்; சற்று நடந்ததும் பட்டை தளர்ந்துவிடும், சேணம் சரியும். ஏறுமுன் ஒரு முறையும், சில நிமிடம் நடந்த பின் ஒரு முறையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கினால் எப்படி நிறுத்துவது?

கத்தாதீர்கள், கத்தினால் இன்னும் வேகமாக ஓடும். முன்னால் குனியாமல் நிமிர்ந்து, சேணத்தில் அழுந்த உட்கார வேண்டும். கடிவாளத்தை ஒரேயடியாக இழுத்துப் பிடித்தால் குதிரை எதிர்த்து இழுக்கும். இழுத்து விட்டு, இழுத்து விட்டுச் செய்ய வேண்டும். இடம் இருந்தால் வட்டமாகத் திருப்பி, வட்டத்தை மெல்லச் சுருக்கலாம். புதியவர்கள் இந்த நிலைக்கே போகாமலிருக்க, குதிரைக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நடத்திக்கொண்டு வரவேண்டும். ஓட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தின்னக் கொடுக்கலாமா?

கொள்ளைக் குதிரையோடு சேர்த்தே நாம் பேசுகிறோம். ஆனால் அதன் முதன்மை உணவு புல்லும் வைக்கோலும்தான். உடம்புக்கு அதன் இரைப்பை சிறியது. மேலும் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலி கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நம் கட்டுச்சோற்றையும் மிஞ்சிய பூரி, பிஸ்கட்டுகளையும் நீட்ட வேண்டாம். குதிரைக்காரர் சம்மதித்தால் சிறிதாக நறுக்கிய கேரட் கொடுக்கலாம். விரல்களை மடக்காமல், விரித்த உள்ளங்கையில் வைத்து.

நல்ல பயிற்சி இடத்தை எப்படி அறிவது?

முதல் நாளே ஏற்றி ஓட்டுகிற இடத்தைத் தவிர்க்கலாம். குதிரையைத் தேய்த்துத் துடைக்கவும், குளம்பைச் சுத்தம் செய்யவும், பிறகு கயிற்றில் பிடித்தபடி நடையில் உட்காரவும் கற்றுத் தருவதே முறையான வரிசை. மலை ஊர்களிலும், வாடகை பேரம் பேசும் முன் குதிரையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், எட்ட நின்றே. விலா எலும்பு துருத்தியிருக்கிறதா, சேணத்தின் ஓரத்தில் புண் தெரிகிறதா, நடக்கும்போது நொண்டுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு குதிரையைக் கேளுங்கள். வலியோடு இருக்கும் குதிரை எளிதில் மிரளும். அதன் முதுகில் உட்காரப் போவது நம் வீட்டுக் குழந்தை.