பின்வரிசைக்காரர்கள்

2011 பிப்ரவரி 13 அன்று, பாரம்பரிய ப்ளூஸ் இசைக்கான கிராமி விருது இரண்டு முதியவர்களுக்குக் கிடைத்தது. பியானோ வாசித்த பைன்டாப் பெர்கின்ஸுக்கு வயது 97. ஹார்மோனிகா வாசித்த வில்லி ‘பிக் ஐஸ்’ ஸ்மித்துக்கு 75. அதுவரை கிராமி வாங்கியவர்களிலேயே மூத்தவர் பெர்கின்ஸ்தான் என்பதால் செய்திகள் எல்லாம் அவர் வயதையே பேசின. வயதைவிட முக்கியமான ஒன்று அந்த விருதில் இருந்தது. இருவருமே வாழ்நாளின் பெரும்பகுதியை இன்னொருவருக்குப் பின்னால் உட்கார்ந்து கழித்தவர்கள். மேடையின் முன்னால் நின்று பாடியவர் மடி வாட்டர்ஸ். சுவரொட்டியில் இருந்தது அவர் பெயர். ‘ஜாம்பவான்கள் ஒரே மேடையில்’ என்று விளம்பரம் செய்யப்படும் ப்ளூஸ் குழுக்களைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே அங்கே இருப்பார்கள். அவர்களை நட்சத்திரங்கள் என்று எண்ணிக் கேட்டால் பாதிதான் காதில் விழும். அவர்கள் பக்கவாத்தியக்காரர்கள். அடுத்தவர் குரலை நன்றாக ஒலிக்கவைப்பதே அவர்கள் தொழில். அந்தத் தொழில்நுட்பம் எந்த ஏட்டிலும் முழுதாக இல்லை, அவர்களின் கையிலும் காதிலும்தான் இருந்தது. மூத்தவர்களின் குழுவுக்கு மதிப்பு தருவது அதுவே என்பது என் வாதம்.

ப்ளூஸ் என்பது காகிதத்தில் மிக எளிய இசை. 12 தாளவட்டங்கள், வட்டத்துக்கு 4 அடிகள், 3 ஸ்வரக்கட்டுகள். ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் முடிப்பார்கள். கிதார் தெரிந்த மாணவன் ஒரு மாலையில் இதைக் கற்றுவிடலாம். ஆனால் மிசிசிப்பி டெல்டாவின் பருத்தித் தோட்டங்களில் தனியாகக் கிதாரோடு பாடிப் பழகியவர்கள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. சொல் நீண்டால் வட்டமும் நீளும்; மூச்சு தீர்ந்தால் வட்டம் பாதியிலேயே முடியும். அப்படிப் பாடி வளர்ந்தவர்தான் மடி வாட்டர்ஸ். 1943-இல் சிக்காகோவுக்கு வந்து, மின்கிதாரும் டிரம்ஸும் ஹார்மோனிகாவும் பியானோவும் கொண்ட குழுவை அமைத்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தாளத்துக்கு ஒரு இழை தாமதமாகவே அவர் குரல் வந்து விழும். டிரம்ஸ் வாசிப்பவர் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் பாட்டு அவசரப்படும். குரலுக்காகக் காத்திருந்தால் தாளம் தொய்ந்துவிடும். அந்நாளில் மடியின் டிரம்ஸ்காரராக இருந்த வில்லி ஸ்மித் இரண்டுக்கும் நடுவே போனார். அவர் அடித்த ஷஃபிள் தாளத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு நீண்ட அசையும் ஒரு குறுகிய அசையுமாக உருளும். பின்னடி (பேக்பீட்) மட்டும் வரலாமா வேண்டாமா என்று தயங்குவதுபோலச் சற்றே பின்தங்கி விழும். பாடகர் வரியை முடித்ததும் ஹார்மோனிகா பதில் சொல்லும். அந்தப் பதில் ஓயும் இடத்தில் பியானோவின் மேல்கட்டைகளில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் சிதறும். குரல் மறுபடி எழும்போது இரண்டும் அடங்கிவிடும். எங்கே வாசிக்கவேண்டும் என்பதைவிட எங்கே கையை எடுக்கவேண்டும் என்பதுதான் இதில் கடினமான பாடம்.

இந்தப் பாடத்தைப் படிக்க அவர்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அவர்கள் வாழ்க்கையே சொல்லும். 1913-இல் மிசிசிப்பியின் பெல்சோனியில் பிறந்த பெர்கின்ஸ் தொடக்கத்தில் கிதார்க்காரர். ஆர்கன்சாவின் ஹெலனா நகரில் ஒரு நடனக்காரி அவருடைய இடக்கையில் கத்தியால் குத்தினாள்; தசைநார்கள் அறுந்தன, கிதார் கம்பியை அழுத்திப் பிடிக்க முடியாமல் போயிற்று. அதன்பிறகு பியானோவே அவருடைய வாத்தியம். கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அந்த வட்டாரத்துச் சிறுவன் ஐக் டர்னருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். ராக் அண்ட் ரோல் வரலாற்றில் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவர் அந்த டர்னர். மடி வாட்டர்ஸின் குழுவில் பெர்கின்ஸ் சேர்ந்தது 1969-இல், பியானோக்காரர் ஓடிஸ் ஸ்பான் விலகிய இடத்துக்கு. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஹெலனாவில் பிறந்த ஸ்மித் 17 வயதில் சிக்காகோ வந்து, ஹார்மோனிகாவில் தொடங்கி டிரம்ஸுக்கு மாறி, 1960-களின் தொடக்கத்தில் மடியிடம் சேர்ந்தார். நடுவில் பிழைப்புக்கு வழியின்றி விலகி டாக்ஸி ஓட்டினார், 1968-இல் திரும்பி வந்தார். பாட்டுக்கான ராயல்டி பாட்டை எழுதியவருக்குப் போகும். பின்னால் வாசித்தவருக்கு அன்றைய கூலி மட்டும்தான். முதுமையிலும் இவர்கள் ஊர் ஊராகப் போய் வாசித்ததன் பின்னணியில் இந்தக் கணக்கும் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

நான் சொல்வதற்கு ஆதாரம் மடி வாட்டர்ஸின் இரண்டு இசைத்தட்டுகளில் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அவரை லண்டனுக்கு அழைத்துப்போய் ஒரு பதிவு செய்தார்கள். ரோரி கேலகர், ஸ்டீவ் வின்வுட், ஜிமி ஹென்ட்ரிக்ஸுடன் டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிட்செல் என்று ராக் உலகின் பெரிய பெயர்கள் சுற்றி உட்கார்ந்தன. அவர்களுடைய திறமையை மடி குறைத்துப் பேசியதில்லை. எதை எதிரே வைத்தாலும் வாசித்துவிடுவார்கள், ஆனால் அது என் ஓசை இல்லை என்ற கருத்தைத்தான் பின்னர் சொன்னார். 1976-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் கிதார்க்காரர் ஜானி வின்டர் அவரை வைத்து ‘ஹார்ட் அகெய்ன்’ தட்டைத் தயாரித்தபோது செய்தது நேர்மாறான காரியம். 1950-களில் மடியுடன் ஹார்மோனிகா வாசித்த ஜேம்ஸ் காட்டனைத் திரும்ப அழைத்தார். பெர்கின்ஸும் ஸ்மித்தும் தங்கள் இடங்களில் உட்கார்ந்தார்கள். மூன்று நாளில் பதிவு முடிந்தது. அறையின் எதிரொலியோடு, ஒருவரையொருவர் கூவி உற்சாகப்படுத்தும் குரல்களோடு, அறுபது வயது தாண்டிய மனிதர் இருபது வயது குறைந்தவராகப் பாடுகிறார். இரண்டு தட்டுகளுமே கிராமி வாங்கின. ஆகவே விருது எதையும் நிரூபிப்பதில்லை, நான் தொடக்கத்தில் சொன்ன விருது உட்பட. காதால்தான் முடிவு செய்யவேண்டும். லண்டன் தட்டில் வாத்தியங்கள் குரலைச் சுற்றி நிற்கின்றன, வெஸ்ட்போர்ட் தட்டில் குரலுக்குக் கீழே தரையாக விரிகின்றன.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, தலைவர் இல்லாத பின்வரிசை என்ன ஆகும் என்பது. 1980-இல் சம்பளத் தகராறில் மடியின் குழு ஒட்டுமொத்தமாக விலகியது. பெர்கின்ஸ், ஸ்மித், பேஸ் கிதார் வாசித்த கால்வின் ஜோன்ஸ், ஹார்மோனிகா வாசித்த ஜெர்ரி போர்ட்னாய் ஆகியோர் சேர்ந்து லெஜண்டரி ப்ளூஸ் பேண்ட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் இரண்டு தட்டுகளும் கிராமிக்குப் பரிந்துரை பெற்றன. ஆனாலும் மடியின் குரலுக்கு ஈடான ஒரு குரல் அந்தக் குழுவுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை; இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் தனியாக நின்று மடியின் உயரத்தை எட்டினார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் மடி இல்லாமலும் அந்த ஓசை அடையாளம் தெரிந்தது. அதே 1980-இல் வந்த ‘ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்தில் சிக்காகோவின் மேக்ஸ்வெல் தெருவில் ஜான் லீ ஹூக்கர் பாடுகிறார். தாளவட்டக் கணக்கை மதிக்காததில் மடிக்கும் மூத்தவர் அவர். அவருக்குப் பின்னால் நடைபாதையில் பெர்கின்ஸும் ஸ்மித்தும் ஜோன்ஸும் இருக்கிறார்கள். பாடகர் மாறிவிட்டார், பின்வரிசை அசையவில்லை.

பதிவுகள்தான் இருக்கின்றனவே, கிழவர்களை ஏன் மேடையேற்றவேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு விடையாகக் கிதார்க்காரர் ராபர்ட் லாக்வுட்டை நினைக்கலாம். டெல்டா ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936, 37-இல் பதிவு செய்த 29 பாடல்களை உலகமே கேட்டுவிட்டது, எத்தனையோ பேர் பிரதி எடுத்தார்கள். ஜான்சன் லாக்வுட்டின் தாயோடு வாழ்ந்தவர்; அவருடைய விரல்களை வீட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற ஒருவர் லாக்வுட் மட்டும்தான். அப்படிக் கற்றவர் வெறும் பிரதியாக நின்றுவிடவில்லை. ஜாஸ் ஸ்வரக்கட்டுகளைச் சேர்த்து, சிக்காகோவின் செஸ் நிறுவனப் பதிவுகளில் எத்தனையோ பேருக்குப் பக்கபலமாக வாசித்தார். 2004-இல் டல்லஸ் நகரில் லாக்வுட், பெர்கின்ஸ், ஹென்றி டவுன்சென்ட், ஹனிபாய் எட்வர்ட்ஸ் ஆகிய நால்வரும் ஒரே நிகழ்ச்சியில் வாசித்தார்கள். யாருக்குமே வயது 89-க்குக் குறைவில்லை. அந்தப் பதிவுக்கு 2008-இல் கிராமி வந்தபோது டவுன்சென்டும் லாக்வுட்டும் உயிரோடு இல்லை. விரல் தளர்ந்துவிட்டது என்ற குறையும் நியாயமானதே. சில மேடைகளில் கைதட்டல் வாசிப்புக்கு விழுந்ததா வயதுக்கு விழுந்ததா என்று சொல்வது கடினம். ஆனால் தளர்ந்த விரல் தேவையற்றதை விட்டுவிடுகிறது. 90 வயதுக்குப் பிந்தைய பெர்கின்ஸின் வாசிப்பில் ஓட்டம் குறைந்தது, இடைவெளி தவறவில்லை.

வெள்ளையர் கூட்டத்துக்குக் கறுப்பின முதியவர்களைக் காட்சிப்பொருளாக்குகிறார்கள் என்ற விமர்சனத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கறுப்பின இளைஞர்கள் 1960-களிலேயே சோல் இசை பக்கம் நகர்ந்துவிட்டார்கள். ஐரோப்பிய விழாக்களும் கல்லூரி அரங்குகளும்தான் ப்ளூஸ்காரர்களுக்குச் சோறு போட்டன. அந்த ஏற்பாட்டில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மை. அதற்குப் பரிகாரம் மேடையைப் பறிப்பதா? கூலியையும் பெயரையும் சரியாகக் கொடுப்பதுதான் பரிகாரம். பெர்கின்ஸின் பெயர் தனியாக நிலைத்தது 1988-இல் ‘ஆஃப்டர் அவர்ஸ்’ தட்டு வந்த பிறகுதான், எழுபத்தைந்தை ஒட்டிய வயதில். 2011 மார்ச் 21 அன்று ஆஸ்டின் நகரில் அவர் இறந்தபோது அந்த ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டிருந்தார்.

தொடக்கத்தில் சொன்ன அந்த 2011 விருதைப் பெற்ற ‘ஜாயின்ட் அட் தி ஹிப்’ தட்டை இன்னொரு முறை கேட்கவேண்டும். பேஸ் கிதாரில் பாப் ஸ்ட்ரோகர், கிதாரில் மடியின் கடைசிக் குழுவில் வாசித்த ஜான் பிரைமர். இருவருமே பின்வரிசையில் முதிர்ந்தவர்கள். வில்லி ஸ்மித் அதில் டிரம்ஸ் பக்கமே போகவில்லை. இளமையில் விட்டுவந்த ஹார்மோனிகாவை மறுபடி கையிலெடுத்து முன்னால் வந்து பாடுகிறார். அவர் விட்ட இருக்கையில் இருப்பவர் அவர் மகன் கென்னி ஸ்மித். தந்தை வரியை முடித்து மூச்சு வாங்குகிறார். மகனின் பின்னடி ஒரு கணம் தயங்கி, தந்தையின் கையிலிருந்து விழுவதைப் போலவே விழுகிறது. பெர்கின்ஸ் போன ஆறாவது மாதம், 2011 செப்டம்பர் 16 அன்று, வில்லி ஸ்மித்தும் காலமானார். கென்னி தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார், பாடுபவருக்குப் பின்னால் உட்கார்ந்து.