தொற்றுக் காலமும் சிறை நெரிசலும்

திருவனந்தபுரத்துப் பூஜப்புரா மத்தியச் சிறைச்சாலை 1886-ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில் அமைக்கப்பட்டதாகும். 2020 மார்ச்சில் முகக்கவசத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கேரளச் சிறைகளின் தையற்கூடங்களில் கைதிகளே அவற்றைத் தைத்துத் தந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பூஜப்புராவில் முதற்கட்டமாகப் பரிசோதிக்கப்பட்ட 99 பேரில் 59 பேருக்குக் கோவிட் தொற்று இருப்பது தெரிய வந்தது. சில நாட்களிலேயே இவ்வெண்ணிக்கை 300-ஐத் தாண்டிற்று. முதிய கைதி ஒருவர் உயிரிழந்தார். ஊராருக்குக் கவசம் தைத்த இடத்தில், தங்களுக்குள் இடைவெளி விட்டுப் படுப்பதற்கு வழியில்லை.

இந்த அபாயம் எதிர்பாராததன்று. 2020 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே இப்பிரச்சினையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, மார்ச் 23 அன்று மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்குமாறு பணித்தது. ஏழாண்டு வரை தண்டனை பெறக்கூடிய குற்றங்களில் சம்பந்தப்பட்டோர் போன்றவர்களை இடைக்கால ஜாமீனிலோ பரோலிலோ அனுப்புவது குறித்து இக்குழுக்கள் முடிவு செய்தன. கேரளத்திலும் இவ்வாறு பலர் வெளியே அனுப்பப்பட்டனர்.

ஆனால் நெரிசல் குறைந்ததா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2019 இறுதியில் நாட்டின் சிறைகளில் 4,78,600 பேர் இருந்தனர். ஓராண்டு கழித்து 4,88,511 பேர்! தண்டனைக் கைதிகள் 1,44,125-இலிருந்து 1,12,589 ஆகக் குறைந்தனர். விசாரணைக் கைதிகளோ 3,30,487-இலிருந்து 3,71,848 ஆகப் பெருகினர். ஒரு பக்கம் வடிந்ததைவிட மறுபக்கம் சேர்ந்ததே அதிகம்.

காரணம் தெளிவு. சிறை ஒரு நீர்த்தேக்கத்தைப் போன்றது. மதகைத் திறந்தால் மட்டும் போதாது, வரத்தும் கட்டுப்பட வேண்டும். ஊரடங்கில் நீதிமன்றங்கள் அவசர வழக்குகளோடு நின்றன. 2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் காணொலி வழி விசாரணைக்கு நெறிமுறை வகுத்தது. ஜாமீன் மனுக்களுக்கு அது பெரிதும் உதவிற்று. சாட்சிகளை நேரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வழக்குகளுக்கு அவ்வளவாக உதவவில்லை. போலீசாரின் கைது நடவடிக்கைகள் மட்டும் நிற்கவில்லை.

ஆகவே, தீர்வின் பெரும்பகுதி சிறைக்கு வெளியே, காவல் நிலையத்தில் உள்ளது. ஏழாண்டு வரையிலான குற்றங்களில், அவசியம் இருந்தாலன்றிக் கைது செய்யலாகாது என 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இரண்டாம் அலையின்போது, 2021 மே 7 அன்று, அந்த நெறியைப் பின்பற்றுமாறு அதுவே மீண்டும் நினைவூட்ட வேண்டியதாயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்தும் நினைவூட்டல் தேவைப்பட்டதென்றால், குறை சட்டத்திலன்று, நடைமுறையில் என்றே கொள்ள வேண்டும்.

2021 இறுதியில் கைதிகள் 5,54,034 ஆயினர். நூறு பேருக்கான இடத்தில் 130 பேர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள். தொற்றுக் காலத்தில் வெளியே அனுப்பப்பட்டோர் பதினைந்து நாட்களுக்குள் சரணடைய வேண்டுமென 2023 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.