ஏழு மூட்டை உப்பு

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டிக் கொண்டு குடியேறியிருக்கும் நண்பர் ஒருவரைப் பார்ப்பதற்காகச் சென்ற மாதம் போயிருந்தேன். வாசல் தாழ்வாரத்தில் ஏழு மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "என்ன, ஊரிலிருந்து நெல் வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். "நெல் இல்லை, உப்பு!" என்றார் நண்பர்.

சமுத்திரத்தின் கரையில் வசிக்கும் மனிதர் உப்பை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்குவானேன் என்று நான் திகைத்து நின்றதைக் கண்டு, அவரே விஷயத்தைச் சொன்னார். வீட்டுக் கொல்லையில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார். நீளம் 10 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் சராசரி ஒன்றேகால் மீட்டர். 50,000 லிட்டர் ஜலம் கொள்ளும். அவருடைய பேரனுக்கு ஏழு வயது. அவ்வப்போது இழுப்பு வருகிற குழந்தை. நகரத்தில், நான்கு சுவர்களுக்குள் அடைத்துக் கட்டிய ஒரு நீச்சல் குளத்திற்கு அவனை அழைத்துச் சென்றபோது, கண் சிவந்து, இருமல் கண்டு, இரண்டு இரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. எல்லாம் அந்தக் குளோரின் செய்த வேலை என்று குடும்பத்தார் தீர்மானித்து விட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு வியாபாரி வந்து சேர்ந்தார். "உப்பு முறை வைத்துக் கொள்ளுங்கள், ஸார்! குளோரின் என்ற பேச்சே கிடையாது" என்றார். நண்பர் முன்பணம் கொடுத்தார். மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன.

"யந்திரம் அடுத்த வாரம் வருகிறது. நீர் என்ன நினைக்கிறீர்?" என்று நண்பர் கேட்டார்.

நான் நினைத்ததை அங்கே சொன்னேன். இப்போதெல்லாம் தோட்டத்துடன் வீடு கட்டுகிறவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் வருவதால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். உப்பு கரைந்த ஜலத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரின் பிரிந்து வருகிறது. மேட்டூரிலும், தூத்துக்குடி ஜில்லாவில் உள்ள சாகுபுரத்திலும் இருக்கும் பெரிய ரஸாயன ஆலைகள் இதைத்தான் செய்கின்றன. வியாபாரி கொண்டு வரப்போகும் யந்திரமும் அதையேதான் செய்கிறது, அளவுதான் சிறியது. பம்பிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயில் ஒரு பெட்டி. அதற்குள் அரிய உலோகப் பூச்சுப் பூசிய டைட்டானியம் தகடுகள். உப்பு ஜலம் அவற்றினிடையே ஓடும்போது குளோரின் உண்டாகிக் கிருமிகளைக் கொல்லுகிறது. கொன்ற பிறகு பெரும்பாலும் பழையபடி உப்பின் அங்கமாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் உப்பை அடிக்கடி கொட்ட வேண்டியதில்லை.

ஆகவே உப்புக் குளமும் குளோரின் குளந்தான். குளோரினை வீட்டிலேயே தயாரித்துக் கொள்வதா, கடையில் வாங்கிக் கொள்வதா என்பதே நாம் தீர்மானிக்க வேண்டிய சங்கதி. வீட்டில் உறை ஊற்றினாலும், பால்காரரிடம் வாங்கினாலும் தயிர் தயிர்தானே?

இதைக் கேட்டதும் நண்பரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் குழந்தைக்கு வந்த இருமல்?" என்றார்.

இங்கேதான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி தூய குளோரினுடையது அன்று. குளிப்பவர்களின் வியர்வையும், (சொல்லக் கூசினாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்?) சிறுநீரும் குளோரினோடு கலக்கும்போது குளோரமைன் என்ற பொருள்கள் உண்டாகின்றன. கண்ணைக் கரிப்பதும் இருமலைக் கிளப்புவதும் பெரும்பாலும் இவைதாம். நெடி பலமாக அடித்தால், அழுக்குக்குத் தக்கபடி குளோரின் போதவில்லை என்று அர்த்தம். அடைத்த கட்டிடத்தில் இந்த ஆவி ஜலத்தின் மேலேயே தங்கி நிற்கும். திறந்த வெளியில் கடற்காற்று அதை அடித்துக் கொண்டு போய்விடும். குளத்தில் இறங்குமுன் சோப்புத் தேய்த்து ஒரு குளியல் போட்டுவிட்டு வந்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது. உப்பு முறையானாலும் இந்த விதியில் மாறுதல் இல்லை. இழுப்பு உள்ள குழந்தை நீந்தலாமா என்பதை மட்டும் வியாபாரியிடமோ என்னிடமோ கேட்காமல், அவனுக்கு வைத்தியம் செய்யும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

உப்பு முறைக்கு நியாயமாகச் சேரவேண்டிய பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. லிட்டருக்கு மூன்று, நான்கு கிராம் உப்புத்தான் அதற்குத் தேவை. கடல் நீரில் இருப்பது 35 கிராம். நம் கண்ணீரிலேயே சுமார் 9 கிராம் இருக்கிறது. ஆகையால் ஜலம் கரிக்காது. உடம்புக்கு மிருதுவாகவே இருக்கும். ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சங் கொஞ்சமாகக் குளோரின் உண்டாவதால் ஏற்றத்தாழ்வும் குறைவு. ஆஸ்திரேலியாவில் எத்தனையோ வீடுகளின் பின்கட்டுக் குளங்களில் இந்த யந்திரம் ஓடுகிறது. நாலு நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இது பெரிய ஒத்தாசை.

ஆனால் நம் நண்பருடைய மனையில் இதற்கு வேறு இடைஞ்சல்கள் உண்டு. அங்கே கிணற்று ஜலம் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே அந்தத் தகடுகளிலும் படியும். அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். எப்படிப் போற்றினாலும் சில வருஷங்களுக்கு ஒருமுறை தகடுகளை மாற்றத்தான் வேண்டும். அது லேசான செலவல்ல. பம்பு ஓடும்போதுதான் குளோரின் உண்டாகும். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் 25 சென்டிமீட்டர் மழை கொட்டிக் குளம் வழிந்தால், உப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். குளத்தைச் சுற்றிப் பதித்த மெதுவான கல்லையும், ஏணியின் இரும்பையும் உப்பு அரிக்கும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. மணல் வடிகட்டியைக் கழுவும் ஜலம் எங்கே போகிறது என்று கேட்டேன். நண்பர் பெருமையுடன் மழைநீர்க் குழியைக் காட்டினார்! 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிதண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியிருக்க, நிலத்தடி நீரை நிறைப்பதற்காகத் தோண்டிய குழியிலே உப்பு ஜலத்தை வாரா வாரம் ஊற்றினால், தன் கிணறும் கெடும், பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். குளோரினாவது வெயிலில் சில நாட்களில் போய்விடும். மண்ணில் இறங்கிய உப்பு அப்படிப் போகாது. மல்லிகைப் பந்தலின் கதியைச் சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, கடையில் வாங்கும் குளோரினில் குறை கிடையாதா? உண்டு. வில்லையாக வரும் டிரைகுளோரில் வெயிலைத் தாங்குவதற்காக ஒரு சரக்குச் சேர்ந்திருக்கிறது. அது நாளடைவில் குளத்தில் மிகுந்து குளோரினையே மந்தப்படுத்திவிடும். தூளாக வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் கடின ஜலத்தை இன்னும் கடினமாக்கும். திரவமாக வருவது நம் ஊர் உஷ்ணத்தில் நாளுக்கு நாள் வீரியம் குறையும். ஆகையால் கொஞ்சமாக வாங்கி உடனே செலவழிக்க வேண்டும். நண்பருக்கு நான் சிபாரிசு செய்தது இந்தத் திரவத்தைத்தான்.

அபாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்திலுள்ள ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர் விஷவாயுவாக அவிழ்த்துவிட்டது இந்தக் குளோரினைத்தான். குளோரின் மருந்தும் அமிலமும் ஒன்றாகக் கலந்தால் அதே வாயு கிளம்பும். தூளையும் வில்லையையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இவற்றைத் தனித்தனியே பூட்டி வைக்க வேண்டும். மருந்தை ஜலத்தில் இட வேண்டுமே தவிர, மருந்தின் மேல் ஜலத்தை ஊற்றக் கூடாது. உப்பு முறைக்காரர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. அந்த யந்திரம் ஓட ஓட ஜலத்தில் காரம் ஏறும். அதைத் தணிக்க அவர்களும் அமிலம் வாங்கி வைத்துத்தான் ஆகவேண்டும்.

காரத்தை ஏன் தணிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பி.எச். என்னும் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 7.5-ல் குளோரினில் பாதி சுறுசுறுப்பாக வேலை செய்யும். 8-க்குப் போனால் கால் பங்குகூடத் தேறுவது சந்தேகம். குளோரின் நிறைய இருந்தும் பயனில்லாமற் போவது இப்படித்தான். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சிறு பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது. தினம் காலையில் பத்து நிமிஷம் அதற்குச் செலவிட்டால் போதும். நண்பரோ பென்ஷன் வாங்கிக் கொண்டு வீட்டில் இருப்பவர். பத்திரிகையைப் பத்து நிமிஷம் தாமதமாகப் படித்தால் உலகம் முழுகிப் போய்விடாது.

குளத்தின் அடித்தளத்திலுள்ள வடிகால் மூடி கரையிலிருந்து பளிச்சென்று தெரிகிறதா என்று தினம் பார்க்கவும் சொன்னேன். ஜலம் கலங்கியிருந்தால், மூழ்கிக் கிடக்கும் குழந்தைகூடக் கண்ணில் படாது. நான் போன அன்று குளத்தைச் சுற்றி வேலி இல்லை. யந்திரத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தில் முதலில் வேலி போடச் சொன்னேன்.

இத்தனையையும் காப்பி கொண்டு வந்த நண்பரின் மனைவி கதவோரம் நின்று கேட்டுக் கொண்டிருந்தார். "நீங்கள் சொல்கிறபடியே ஆகட்டும், அண்ணா! ஆனால் இந்த ஏழு மூட்டை உப்பையும் போட்டு நான் எத்தனை ஜன்மத்துக்கு ஊறுகாய் போடுவது?" என்றார்.

மூட்டைகளை வியாபாரி திரும்ப எடுத்துக் கொண்டு போய்விட்டார் என்று நேற்று நண்பர் தெரிவித்தார். முன்பணத்தில் பாதிதான் வந்ததாம். வடிகட்டி ஜலத்தைச் சாக்கடைக்குத் திருப்பியாயிற்று. வேலியும் முடிந்துவிட்டது, தானே சாத்திக் கொள்ளும் அதன் கதவுக்குத் தாழ்ப்பாளைப் பேரன் நுனிக்காலில் நின்றாலும் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்களாம்.