‘ஸ்டீல்’ என்னும் ஆங்கில வினையும் களவும்

ஆங்கிலத்தில் பிறர் பொருளைக் கவர்தலைக் குறிக்கும் வினைகளுள் ‘ஸ்டீல்’, ‘ராப்’ என்னும் இரண்டும் பெருவழக்கின. (எஃகைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ ஒலியால் ஒத்த வேறொரு சொல்.) மாணாக்கர் பலர் இரண்டையும் ‘திருடு’ என்றே மொழிபெயர்ப்பர். அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் இலக்கணம் நோக்குவோம். ‘ஸ்டீல்’ என்பதற்குச் செயப்படுபொருளாய் வருவது கவரப்பட்ட பொருள்; ‘ராப்’ என்பதற்கு வருவது பொருளை இழந்த ஆள் அல்லது இடம். முன்னது ‘பணத்தைத் திருடினான்’ என்பது போல்வது. பின்னது ‘வணிகரைக் கொள்ளையிட்டான்’ என்பது போல்வது. இவ்வேறுபாடு நோக்காது ‘வணிகரைத் திருடினான்’ எனப் பெயர்ப்பின், வணிகரையே தூக்கிச் சென்றான் எனப் பொருள் திரியும்.

இனிப் பொருள் வேறுபாடு. இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், திருடுவதன்பொருட்டு வன்முறையோ அச்சுறுத்தலோ மேற்கொள்வதனைக் கொள்ளை எனப் பிரித்துரைக்கும். திருட்டு மறைவாகவே நிகழ்தல் வேண்டும் என அச்சட்டம் கூறவில்லை. எனினும், ‘ஸ்டீல்’ என்னும் சொல்லின் வழக்கில் மறைவே உயிராய் நிற்கின்றது. அவையினின்று ஓசையின்றி நழுவுதலையும், பிறர் அறியாது ஒருவரை நோக்குதலையும் ஆங்கிலேயர் இவ்வினையாலேயே கூறுவர். இவற்றுள் எவர் பொருளும் குறைவதில்லை. எஞ்சுவது மறைவு ஒன்றே. இதனொடு பிறந்த ‘ஸ்டெல்த்’ என்னும் பெயர்ச்சொல் பண்டு திருட்டைக் குறித்தது. இன்றோ மறைவை மட்டுமே குறிக்கின்றது.

தமிழில் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்குவது ‘களவு’ என்னும் சொல்லாகும். கள்ளாமை அதிகாரத்தில் களவைக் கடிந்த வள்ளுவரே, குறிப்பறிதல் அதிகாரத்தில் தலைவியின் சிறுநோக்கைக் களவு என்கின்றார். தொல்காப்பியர் களவியல் என ஓர் இயலே வகுத்தார். களவு தீதன்றோ என்னும் ஐயத்திற்கு இறையனார் களவியலுரை தரும் விடை நயமுடையது: ஒரு பெண் தான் உண்டு சாவதற்குக் கூட்டி வைத்த நஞ்சினை, அருளுடையான் ஒருவன் அவள் காணாதவாறு கொண்டுபோய்க் கொட்டிவிட்டான்; அக்களவால் அவள் பிழைத்தாள். ஆதலின் களவு எல்லாம் தீதன்று என்பது உரைகாரர் கருத்து.

ஆகவே, ‘ராப்’ என்பதற்குக் ‘கொள்ளையிடு’ என்பதே நேராகும். ‘ஸ்டீல்’ என்பது பொருட்கவர்ச்சியைச் சுட்டுமிடத்துத் ‘திருடு’ என்பது போதும். மறைவைச் சுட்டுமிடத்துக் ‘களவு’ என்பதே பொருந்தும். அகத்திணையின் களவை ஆங்கிலத்தில் பெயர்ப்போர், திருட்டுக் குற்றத்தை மட்டும் குறிக்கும் சொல்லை ஆள்வரேல், தலைவனும் தலைவியும் குற்றவாளிகளாய்த் தோன்றுவர். சொல்லொப்புமை காண்பார் அகராதிப் பொருளோடு அமையாது, வழக்கின் உள்ளீட்டையும் காணல் வேண்டும்.