நம்மிடம் நாம் பேசும் விதம்

தென்சென்னையில் அமைதியான இடங்களுக்குக் குறைவில்லை. அடையாற்றின் கரையில் 1882 முதல் தியாசபிகல் சொசைட்டியின் தோப்பு இருக்கிறது. லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா, மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மடம், மந்தைவெளியில் தேசிகாச்சார் 1976-இல் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்று நடந்து போகிற தூரத்திலேயே ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, படுத்த படுக்கையான பெற்றோர் என்று எல்லாம் சேர்ந்து தலைக்குமேல் போய்விட்டவரிடம், "கொஞ்ச நேரம் தனியா, அமைதியா உட்காருங்க, சரியாயிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரையில் பாதிதான் இருக்கிறது. தனியாக உட்கார்ந்தபின் நம்மிடம் நாமே எப்படிப் பேசிக்கொள்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பேச்சு கடுமையாக இருந்தால், அமைதி ஆறுதல் தராது. அழுத்தத்தை அது கூட்டவும் செய்யும்.

சும்மா உட்கார்வது நாம் நினைப்பதுபோல் எளிதும் இல்லை. 2014-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புத்தகமோ செல்போனோ இல்லாத அறையில் 15 நிமிடம் தனியாக யோசித்துக்கொண்டிருக்க வேண்டும், விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்கே மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம்கூடத் தருவோம் என்று முன்பு சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். இவர்கள் அழுத்தத்தில் தவித்தவர்கள் அல்லர், சாதாரண மனநிலையில் இருந்தவர்கள். ஏற்கெனவே மனம் நொந்தவரின் நிலை இதைவிடக் கடினம். மனச்சோர்வை நெடுங்காலம் ஆராய்ந்த சூசன் நோலன்-ஹோக்சிமா, நடந்துபோனதையே திரும்பத் திரும்ப நினைத்து, "எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று குமைகிறவர்களுக்குச் சோர்வு நீள்கிறது, ஆழமாகிறது என்று காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் குமைவதும் ஆழ்ந்த சிந்தனையும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

எப்படிப் பேசினால் நொந்த மனம் தேறும் என்பதற்கு அடையாற்றின் வடகரையிலேயே ஒரு நீண்டகாலச் சான்று இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அழைத்தவர் செய்தது சரியா தவறா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, உபதேசமும் செய்வதில்லை. முழுக்கக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். இது போதுமா என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்ட 1,867 பேரிடையே ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதியினருடன் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்புகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, முதல் பிரிவில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இரண்டாம் பிரிவில் அது 0.2 சதவீதம். தகவல், தொடர்ச்சி, பரிவு ஆகிய மூன்றும் இதில் கலந்திருப்பதால் பெருமை முழுவதையும் பரிவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் கனிவான மனிதத் தொடர்பு வெறும் ஆறுதல் வார்த்தையோடு முடிந்துவிடுவதில்லை, உயிரையே காக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது.

சினேகாவின் தன்னார்வலர் அந்நியரிடம் காட்டும் அதே பொறுமையை நாம் நம்மிடம் காட்டிக்கொள்வதே தன்பரிவு. இதை அளந்து ஆராயலாம் என்று 2003-இல் காட்டிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப், இதில் மூன்று கூறுகள் உண்டு என்றார். வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது, இது எனக்கு மட்டும் வந்ததல்ல என்று உணர்வது, நம்மிடம் அன்பாகப் பேசுவது. மறதிநோய் கண்ட மாமியாரிடம் காலையில் எரிந்து விழுந்துவிட்ட மருமகள் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். "நானெல்லாம் ஒரு மனுஷியா" என்று அவள் இரவெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டால், மறுநாள் காலையில் அதே களைப்போடும் கூடுதல் குற்ற உணர்வோடும்தான் எழுந்திருப்பாள். எரிந்து விழுவதற்கு அது இன்னும் வாகான நிலை. "நாலு நாளாகத் தூக்கம் இல்லை. ஒரே கேள்விக்குப் பத்தாவது முறை பதில் சொன்னபோது பொறுமை போய்விட்டது. இந்த நிலையில் யாருக்கும் போகும். நாளைக்கு ஒரு மணி நேரமாவது நாத்தனாரை வரச் சொல்ல வேண்டும்" என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டால், நடந்த தவறை அவள் மறைக்கவில்லை. அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, அடுத்துச் செய்ய வேண்டியதற்கும் வந்துவிட்டாள். மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வராதவர்கள் தாளில் எழுதலாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகள், மனத்தை உறுத்தும் விஷயங்களைச் சில நாட்கள் தொடர்ந்து எழுதுவதே பலருக்கு உதவுகிறது என்று காட்டின.

தன்பரிவுக்கு மேல்நாட்டு முத்திரை குத்தி ஒதுக்குகிறவர்களுக்குக் கிரீன்வேஸ் சாலையின் வசந்த விஹாரை நினைவூட்டலாம். சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி தம் கடைசிப் பொது உரைகளை 1986 ஜனவரியில் அங்கேதான் நிகழ்த்தினார். கோபமோ பொறாமையோ எழும்போது அதைக் கண்டிக்காமல், நியாயப்படுத்தவும் செய்யாமல், அப்படியே கவனிக்க வேண்டும் என்பதை அவர் பல பத்தாண்டுகள் வலியுறுத்தி வந்தார். கண்டிக்கத் தொடங்கியதுமே பார்ப்பது நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. பயிற்சி, வழிமுறை என்ற சொற்களையே அவர் ஏற்காதவர். தன்பரிவை ஒரு பாடத்திட்டமாக்குவதையும் ஏற்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் கண்டனம் பார்வையை மறைக்கிறது என்ற இடத்தில் அவரும் இன்றைய உளவியலாளர்களும் சேர்ந்தே நிற்கிறார்கள்.

நம் ஊரில் தன்பரிவுக்கு வரும் பெரிய மறுப்பு வேறு. பிளஸ் டூ மதிப்பெண்ணில் வாழ்க்கையை அளக்கும் வீடுகளில், "தன்னையே தட்டிக்கொடுத்தால் பிள்ளை உருப்படுமா" என்று கேட்கிறார்கள். பயம் நியாயமானது, அதனால் பதிலும் சான்றோடு வர வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான சொல்தேர்வு ஒன்றை வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம் இது பலருக்கும் கடினம்தான், உங்களையே நொந்துகொள்ளாதீர்கள் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் நீங்கள் புத்திசாலிகள் என்று புகழ்ந்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் முதல் பிரிவினர். திட்டு வாங்கிப் பழகிய மனம் புத்தகத்தைத் திறக்கவே அஞ்சுகிறது, ஏனென்றால் அங்கே இன்னொரு அவமானம் காத்திருக்கலாம். சறுக்கினாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்த பிள்ளை துணிந்து திறக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அதை நான் முழுக்க மதிக்கிறேன். தி.நகர் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்குத் தன்பரிவைப் போதிப்பது அநியாயம் இல்லையா? அவளுக்கு வேண்டியது நாற்காலி. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை கட்டாயம் என்றது சரியான மருந்து. தேர்வில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி வேண்டும் என்று லட்சுமி விஜயகுமார் போராடியதும் இந்த வகைதான். அழுத்தத்தின் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, ஊழியர்களுக்கு ஒரு மணி நேரத் தியான வகுப்பு மட்டும் வைக்கும் நிறுவனத்தை ஏற்க முடியாது. ஆனால் கால் கடுப்பது தன் பலவீனம் என்று நம்புகிறவள் நாற்காலி கேட்க மாட்டாள். இப்படி நின்றால் யாருக்கும் கடுக்கும் என்று தன் உடம்புக்காகப் பேச முடிந்தவள்தான் கேட்பாள்.

தன்பரிவு சிகிச்சைக்கு மாற்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரங்களுக்குமேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், வழக்கமான வேலைகளே முடியாமல் போனால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, தனியே உட்கார்ந்து சமாளிக்கப் பார்க்க வேண்டாம். 2022 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050.